கண்ணை மூடி நிற்பது

எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த ஜெபக்கூட்டத்தில் அம்மா முதல்முறை ஆடியபோது அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாள் தன் மருமகனுடைய வேலை, மருமகனுடைய வயிற்றுவலி, மருமகனுடைய தம்பியின் பரீட்சை என்று ஆண்டவரிடம் ஒவ்வொன்றாக ஒப்புவித்துக்கொண்டே போனாள். ஆபீசிலிருந்து வந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் நின்றிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழேதான் அம்மா நின்றிருந்தாள்.

முக்காட்டுக்குள் அம்மாவின் தலை மெல்ல முன்னால் போனது, பின்னால் வந்தது. தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு தோளும் சேர்ந்து ஆடியது. பாதம் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த ஆட்டத்தில் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, திரும்பி வரவில்லை. நான் பாய்வதற்குள் பக்கத்தில் நின்றிருந்த அக்கா தாங்கிக்கொண்டார்.

இந்த அக்கா அடுத்த தெருவில் இருந்த ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். நல்ல மனுஷி. பின்னால் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவை மார்போடு சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "ஸ்தோத்திரம். ஆவியானவர் அம்மாவை அசைக்கிறார்" என்றார்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். அம்மாவும் திறந்தாள். விழப்போன பயம் அவள் முகத்தில் துளிகூட இல்லை. யாரோ வெகுநாள் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது அந்த முகம்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். அவர் இருந்தவரை மார்க்கெட்டில், ஸ்டேஷனில், கோயில் வாசலில் அம்மாவுக்கு வணக்கம் சொல்லாத ஆள் கிடையாது. அப்பா போன மறுவருஷமே அது நின்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் அம்மா என்று கூப்பிட்டவர்கள் பார்த்தும் பாராமல் போனார்கள். நானோ காலையில் மின்சார ரயில் ஏறினால் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் நாள் பூரா டைப் அடித்துவிட்டு இருட்டும் நேரத்தில்தான் திரும்புவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்தக் கதை வேறு. ஆக அந்த வீட்டில் பகல் முழுவதும் அம்மாவும் அப்பாவின் படமும்தான்.

எங்கள் சபையில் யாரும் ஆடமாட்டார்கள். கீர்த்தனைக்குக் கைதட்டுவதற்கே யோசிக்கிற சபை அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபத்துக்கு முழந்தாளிடுவோம். அப்போது அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமைக் கூட்டம் வீட்டில் நடப்பது, நின்றுகொண்டு ஜெபிப்பது. அடுத்த புதனும் அம்மா ஆடினாள். அதற்கடுத்த புதனும் ஆடினாள். விஷயம் பரவிவிட்டது. சேலையூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மேடவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரம்மா, வயல்காட்டு ரோட்டில் பஸ் கிடைக்காமல் நடந்தே வந்து, அம்மாவின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கையைத் தங்கள் பிள்ளைகளின் தலைமேல் வைக்கச் சொன்னார்கள். அம்மா பெட்டியிலிருந்து கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமையே வீட்டைக் கழுவி விடுவாள். அப்பா போனபிறகு முதல்தடவையாக அடுக்களையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆவியோ காற்றோ, என் அம்மா பாடினாள், அது போதும் என்று இருந்தேன்.

பிறகு செருப்பு விஷயம் வந்தது. ஒரு சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ் முடிந்து நான் வீட்டில் இருந்தேன். அம்மா மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்து வாசலில் நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"எது?"

"செருப்பு."

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்தாள். நல்ல வெயில். தார் ரோடு உருகிக்கிடந்த நேரம். அந்த ரோட்டில் வெறும் காலோடு நடந்து வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் திரும்பப் போய்த் தேடினேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் உள்ளங்காலைப் பார்த்தபோது கொப்புளம் இருந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

எருமைப்பால் கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. இரும்புலியூர்ப் பக்கம் வீடு. நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு எருமையை மட்டும் வைத்துக்கொண்ட குடும்பம். அவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா உள்ளே இருந்த நேரம் பார்த்து, கொல்லைப்பக்கம் என்னைக் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட சொல்லாதன்னு உங்கம்மா சொல்லிகீதுமா. நான் சொல்லிட்டேன்னு சொல்லாத. போன வாரம் பால் கொண்டாந்தேன் பாரு, கூப்பிட்டா சத்தமே இல்ல. பாத்தா குளிக்கிற ரூம்புல கீழ குந்திகினு கீது. மொகத்துல சோப்பு. எழுந்திருக்க முடியாம குந்திகினு கீது."

"வழுக்கிடுச்சா?"

"வழுக்கல்லாம் இல்லமா. மொகத்துல சோப்பு போட்டுகினு இருந்திச்சாம், அப்படியே சாஞ்சிடுச்சாம். அதுக்கு முன்னாடியும் ஒருதபா விழுந்துகீது. பேஜாரு புடிச்ச ரூம்பு, இருட்டா வேற கீது."

அன்று ராத்திரி அம்மாவுக்குத் தலை பின்னும் சாக்கில் ரவிக்கைக்கு மேல் தோள்பட்டையைப் பார்த்தேன். கறுத்துப்போய், ஓரத்தில் மஞ்சள் படிந்து, பழைய காயமும் புதுக் காயமும் கலந்து கிடந்தன. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். நான் பாரிமுனையில் யாரோ ஒருவரின் கடிதத்தை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா இந்த வீட்டில் தனியாக விழுந்து எலும்பை முறித்துக்கொள்வாள். வேலையை விட்டால் சோறு கிடையாது. விடாவிட்டால் அம்மா கிடையாது. சாயங்கால ரயிலில் பல்லாவரம் தாண்டித் தோல் கிடங்கு நாற்றம் வரத் தொடங்கியதும் நான் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வேன். இன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போது எப்படிக் கிடப்பாளோ என்று. வாசலில் விளக்கு எரிந்தால் ஒரு பெருமூச்சு. எரியாவிட்டால் ஓட்டம். பாதி நாள் அம்மா விளக்குப் போட மறந்து உள்ளே முறுக்குச் சுட்டுக்கொண்டிருப்பாள். நான் கத்துவேன். அவளுக்கு ஏன் கத்துகிறேன் என்று புரியாது.

மேற்குத் தாம்பரத்தில் பட்டாளத்து டாக்டர் என்று ஒருவர் இருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் சர்க்கரையே கிடையாது, ஆனால் அவசரப்படமாட்டார். லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தாள். கதவு வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். நடந்தாள், தரையைப் பார்த்தபடி, பாதத்தைக் கொஞ்சம் தட்டித் தட்டி வைத்து. ஆனால் ஒழுங்காகத்தான் திரும்பினாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சையில் பாஸான பார்வை ஒன்றை என் பக்கம் வீசினாள்.

"கால் ரெண்டையும் சேத்து வெச்சு நில்லுங்க. என்னைப் பாருங்க. சரி. இப்ப கண்ணை மூடுங்க."

மூடிய மறுகணமே அம்மா ஆடினாள். புதன்கிழமை ஆட்டமேதான். முன்னால், பின்னால், பிறகு இடப்பக்கம். டாக்டர் கையை முன்பே நீட்டி வைத்திருந்தார். அம்மா அதன்மேல் சாய்ந்து, கண்ணைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து ஆசையோடு கேட்டாள்.

"டாக்டர், உங்களுக்கும் தெரிஞ்சுதா?"

"எதும்மா?"

நான் குறுக்கே விழுந்து, "ஒண்ணுமில்லை சார்" என்றேன். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. வெட்கத்தால் இல்லை. அம்மாவின் முகத்தில் இருந்த அந்த நம்பிக்கையைப் பார்த்து.

பிறகு அம்மாவைப் படுக்க வைத்தார். கவட்டைபோல இருந்த ஒரு இரும்பைத் தட்டி, அது ரீங்காரம் போடும்போதே அதன் காம்பைக் கணுக்கால் எலும்பில் வைத்தார். அதிருகிறதா என்றார். அம்மா, எது அதிர வேண்டும் என்றாள். கையில் வைத்ததும், "ஆமா, இது அதிருது" என்றாள். அடுத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே அசைத்தார். எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். அம்மா டக்டக்கென்று பதில் சொன்னாள். அவர் கீழே இழுத்தபோது மேலே என்றாள். அசைக்காமல் பிடித்திருந்தபோது கீழே என்றாள். ஹெட்மாஸ்டர் மனைவி, தெரியாது என்று சொல்லவே மாட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"சக்கரை எவ்வளவு நாளா இருக்கு?"

அப்பா காலத்திலிருந்தே இருந்தது. அப்பா இருந்தவரை வாரம் தவறாமல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பாடம் நடத்துவதுபோல அம்மாவுக்குக் காட்டுவார். அப்பா போனபிறகு விளக்கும் குழாயும் பரணுக்குப் போய்விட்டன. சர்க்கரை மட்டும் போகவில்லை.

டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். "தரை எங்க இருக்குன்னு காலு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும்மா. உங்கம்மா காலு பேசறதை நிறுத்திடுச்சு. கண்ணுதான் அந்த வேலையையும் சேத்துப் பாக்குது. கண்ணை மூடினாலோ, இருட்டா இருந்தாலோ, சொல்ல ஆளில்ல. விழுந்துடறாங்க. போன நரம்பு திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. குளிக்கும் இடத்தில் ஒரு முக்காலி, பெரிய பல்பு. பின்னால் வார் வைத்த செருப்பு. கைத்தடி. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்றுகொண்டு கண்ணை மூடக்கூடாது.

"எப்பவுமா சார்?"

"எதுக்கு நின்னுகிட்டுக் கண்ணை மூடணும்?" என்றார் அவர்.

முக்காலி வாங்கினேன். பல்பு மாட்டினேன். செருப்புக்கு வார் தைத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். குளிக்கும்போது உட்கார்ந்து குளித்தாள். தடியைக்கூட, அப்பாவுடையது என்பதால், எடுத்துக்கொண்டாள். ஜெபத்தில் மட்டும் கை வைக்கவிடவில்லை.

"நாற்காலில உக்காந்து ஜெபிச்சா ஆகாதாம்மா?"

"விழுந்ததிலேருந்து முழங்கால் போட முடியாம நிக்கிறேன். அதுவே அவருக்கு மரியாதைக் குறைச்சல். இதுல உக்காரச் சொல்றியா? நான் என்ன கச்சேரியா கேக்குறேன்?"

"அப்ப கண்ணைத் தொறந்துகிட்டு ஜெபி."

"கண்ணைத் தொறந்தா கரண்டி தெரியும், சட்டி தெரியும். அவரா தெரிவாரு?"

"ஆண்டவரே வானத்தை அண்ணாந்து பாத்துதானே ஜெபிச்சாரு? கண்ணை மூடினாரா?"

"அவரு தேவகுமாரன்டி. அவருக்குத் தலை சுத்தாது."

எனக்குக் கோபம் தலைக்கேறி, "உன்னை ஆவியும் அசைக்கலை, ஒண்ணும் அசைக்கலை. சக்கரைதான் அசைக்குது. டாக்டர் கண்ணை மூடச் சொன்னப்ப நீ ஜெபமா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்டேன்.

அம்மா நிதானமாக, "ஆமா. டாக்டர் நல்லவரா இருக்கணும்னு ஜெபிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள்.

பொய் சொல்கிறவள் இல்லை அவள். ஜெபித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அக்காவிடம் போனேன். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். "நீங்க சொன்னா கேப்பாங்க அக்கா. உக்காந்து ஜெபிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தனியா இருக்கிற வீடு. விழுந்து கெடந்தா யாரு பாப்பா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் சொல்றது சரியாகவே இருக்கட்டும். சரீரத்துல கோளாறு இருந்தா ஆண்டவர் அது வழியா வரக்கூடாதா? உங்கப்பா போனப்புறம் உங்கம்மா இருந்த இருப்பு எனக்குத் தெரியும். இப்ப அந்த முகத்தைப் பாக்குறீங்கல்ல? அதை என் வாயால எப்படிம்மா பிடுங்கறது?"

"முகம் முக்கியமா, இடுப்பெலும்பு முக்கியமா?" என்று கேட்டேன்.

அவர் அழுதார். ஆனால் சொல்லமாட்டேன் என்றார். நான் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொள்கிறேன், விழ விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு அந்த வாக்கு செல்லும். மற்ற நேரத்துக்கு யார் நிற்பது? அம்மா தினமும் மத்தியானம், சமையலை முடித்த கையோடு, அப்பா படத்துக்கு முன்னால் நின்று தனியாக ஜெபிப்பாள். அந்த நேரம் வரும்போது என் விரல் டைப்ரைட்டரில் தடுமாறும். எழுத்து மாறி விழும். மானேஜர் கூப்பிட்டு, பார்வையில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் இன்னொரு கூத்தும் ஆரம்பித்திருந்தது. மற்றப் பெண்களும் ஆடத் தொடங்கினார்கள். முதலில் மருமகன்கார அம்மாள், பிறகு குரோம்பேட்டைக்காரிகள் இரண்டு பேர். நரம்பு நன்றாக இருந்தவர்களெல்லாம் ஆடினார்கள். நான் ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டு நடுவில் நிற்பேன், அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி, கையை நீட்டத் தயாராக. அவர்கள் யாரும் விழமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விழப்போகிறவள் ஒருத்திதான். அவள்தான் அந்தக் கூட்டத்திலேயே அமைதியாக ஆடினாள்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. முன்னறையில் இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைக் கொடுத்து நின்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவர் தாங்கும். முன்னால் ஒரு கனமான மேஜையைப் போட்டுவிட்டால் அந்தப் பக்கமும் விழ முடியாது. அப்பாவின் படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றி ஆணி அடித்தேன். அம்மாவிடம் காட்டினேன். அவள் மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"உங்கப்பா பிள்ளைங்களை இப்படித்தான் மூலைல நிக்க வெப்பாரு" என்றாள். "வீட்டுப்பாடம் எழுதாததுங்களை."

"எனக்காக நில்லும்மா. நான் வேலைக்குப் போகணும். உன்னை நெனைச்சுக்கிட்டு அங்க என்னால உக்கார முடியலை. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

நான் அழுவதை அம்மா அதிகம் பார்த்ததில்லை. மூலையில் நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அதன்பின் கொஞ்ச காலம் எனக்கு மூச்சு விட முடிந்தது. தோளில் புதுக் காயம் வரவில்லை. பால்காரம்மாவிடம் கேட்டால், "இப்பல்லாம் மூலைல தான் நிக்குது, நல்லாத்தான் கீது" என்பாள். ஆனால் அம்மா பாடுவது குறைந்துவிட்டது. என்னை ஏதோ கேட்கவேண்டும் என்பதுபோலப் பார்ப்பாள், கேட்கமாட்டாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த டாக்டர் கிறிஸ்தவரா?" என்றாள். இல்லை என்றேன். "அதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா கெட்டிக்காரர்" என்றாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. அன்று பகலில் ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. பால்காரம்மா அக்காவிடம் ஓடியிருக்கிறாள், அக்காவின் கணவர் ஸ்டேஷனிலிருந்து பேசினார். அம்மா விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். எப்படி ரயில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. யாரோ ஒரு பெண் என் கையில் ஒரு சாத்துக்குடியை வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சர்க்கரை இருந்த இருப்பில் ஆபரேஷன் முடியாது என்றார்கள். காலில் பிளாஸ்திரி சுற்றிக் கயிறு கட்டி, கட்டில் முனையில் கப்பி வைத்து, செங்கற்களைத் தொங்கவிட்டார்கள். எலும்பு கூடினால் உண்டு. பின்னால் வீட்டுக்கு அனுப்பும்போதும் அதே செங்கல்லோடுதான் அனுப்பினார்கள்.

பால்காரம்மா வார்டு வாசலில் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "மூலைல இல்லமா. நடு வூட்டுல கெடந்திச்சு. மேஜைய ஓரமா தள்ளி வெச்சுகீது. ஏன் அங்க போச்சுன்னு தெரியலமா."

எனக்குள் ஒரு வெறி மூண்டது. இவ்வளவு பாடுபட்டும், அழுதும், ஆணி அடித்தும், ஒரு மத்தியானம் இவளால் சொன்ன பேச்சைக் கேட்க முடியவில்லையே என்று. வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அம்மா விழித்திருந்தாள். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

"அங்க ஏம்மா போய் நின்னே? மூலைலதானே நிக்கிறதா பேசினோம்?"

"மூலைல நின்னா செவுரு பிடிச்சுக்கும்" என்றாள். "எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும்?"

அம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"நான் ஜெபிக்கலைடி. கண்ணை மட்டும்தான் மூடினேன். டாக்டர் முன்னாடி ஜெபிச்சுக்கிட்டிருந்தேன்ல, அதனால அது கணக்கில்லை. ஜெபிக்காம மூடினா என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு நடுவுல போய் நின்னேன். ஆண்டவர் நெனப்பு வந்துடக்கூடாதுன்னு கத்திரிக்காயை நெனைச்சுக்கிட்டேன். குழம்புக்கு நறுக்கித் தண்ணில போட்டு வெச்சிருந்தேன், அதை." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "அப்பவும் ஆடுச்சு."

மாதக்கணக்கில் நான் தொண்டை கிழிய வாதாடியது இதற்குத்தான். இது சர்க்கரை, ஆவி இல்லை என்று அவள் ஒரே ஒரு முறை ஒப்புக்கொண்டால் போதும் என்று ஏங்கினேன். ஒப்புக்கொண்டுவிட்டாள். அவளுக்கு இப்போது இடுப்பும் இல்லை, அதுவும் இல்லை. அந்த நிமிஷம் எந்தப் பொய்யையும் சொல்ல நான் தயாராக இருந்தேன்.

"நீ அவரை நெனைக்கலைன்னா என்னம்மா? அவர் உன்னை நெனைச்சிருப்பாரு."

காப்பியடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "போதும்டி" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கட்டிலை முன்னறையில்தான் போட்டோம். வேறு அறையில் கப்பிக்கு இடமில்லை. நான் சம்பளமில்லாத லீவில் இருந்தேன், அது எத்தனை காலம் ஓடும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. முதல் புதன்கிழமை அக்காவும் மற்றவர்களும் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா அம்மாவின் கையைத் தொட்டு, குரல் உடைந்து, ஜெபத்தைத் தொடங்கினார். முக்காடுகள் எல்லாம் குனிந்தன. மருமகன்கார அம்மாள் ஆடத் தொடங்கினாள்.

நான் பழக்கத்தில் கண்ணைத் திறந்தபடி, கையை நீட்டத் தயாராகவே நின்றிருந்தேன். தாங்குவதற்கு அங்கே யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மல்லாந்து கிடப்பவள் எங்கே விழப்போகிறாள்? இனி அம்மா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொள்ளலாம். எந்த டாக்டரும் தடுக்கமாட்டார்.

அம்மா மூடவில்லை. அத்தனை பேர் கண்ணை மூடியிருந்த அறையில், அகலத் திறந்த கண்ணோடு, அவள் விழுந்த இடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல், உதடு மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"நீயாவது மூடுடி."

மூடினேன். உள்ளங்காலில் சிமெண்டுத் தரை சில்லென்று தெரிந்தது.